ஆஸ்பத்திரி வாசலுக்கு இட்ட உத்தரவு

பிப்ரவரி, கடைசி வாரம், திங்கள். ஆஸ்பத்திரிச் சாலையில் ஓர் இடத்தில் மட்டும், சோதனை முறையில், உயர்த்தப்பட்ட ஜீப்ரா கிராசிங் அமைக்க உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. கையெழுத்து என்னுடையது.

மார்ச், இரண்டாம் வாரம், புதன். டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கையில் என் மனைவியின் இரத்த அழுத்தம் இறங்கியது. நண்பகலுக்கு முன் உயிர் பிரிந்தது. மாலையில் தகனம்.

மார்ச், நான்காம் வாரம், சனி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில், காவிரிக் கரையில், காரியங்கள் முடிந்தன.

மறுநாள், ஞாயிறு. மல்லேஸ்வரம் வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் வாசலுக்கு நேரே, தெருவின் குறுக்கே, உயர்த்தப்பட்ட ஜீப்ரா கிராசிங் ஒன்று புதிதாக அமைக்கப்பட்டிருந்தது.

மார்ச், கடைசி வேலைநாள். பணி நிறைவடைந்ததாக வந்த கோப்பில் கையெழுத்திட்டேன்.

ஏப்ரல், கடைசி வேலைநாள். பணி ஓய்வு பெற்றேன்.

நடந்தவை இவை. அறிக்கை எழுதிப் பழகிய கை இத்துடன் நிறுத்தச் சொல்கிறது. ஆனால் இந்த வரிகளை மட்டும் படிப்பவர், முதல் வரியில் உள்ள கிராசிங்கும் நான்காம் வரியில் உள்ள கிராசிங்கும் ஒன்றுதான் என்பதை அறிய வழியில்லை. அதற்காகவே மேலே எழுதுகிறேன்.

மாநகரத்தின் பொறியியல், போக்குவரத்துத் துறைக்கு நான் இயக்குநராக இருந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, ஊரிலுள்ள சாலைகளெல்லாம் அந்தப் பதவியில் இருப்பவனின் கைக்குள் அடங்கியவை என்று தோன்றும். உண்மையில் சாலையின் மேற்பரப்பு மட்டுமே எங்களுடையது. அதன் அடியில் ஓடும் குடிநீர்க் குழாய் ஒருவருடையது, கேபிள் இன்னொருவருடையது. சிக்னல் டிராஃபிக் போலீஸின் பொறுப்பு. பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பஸ் நிர்வாகம் முடிவு செய்யும். தலைக்கு மேலே போகும் ஸ்கைவாக், அதில் விளம்பரப் பலகை மாட்டும் உரிமையை வாங்கிய கம்பெனியின் கையில் இருக்கும். இவர்கள் அனைவரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைப்பதுதான் இயக்குநரின் வேலை. அவர்கள் உட்காராத நாட்களில், உட்காராத காரணத்தைக் கோப்பில் பதிவு செய்வதும் அவருடைய வேலைதான்.

இதை ஒருமுறை என் மனைவிக்கு விளக்கினேன். அவள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். எதையும் வகைப்படுத்திக் கேட்பாள்.

"அப்போ அந்த வெள்ளைக் கோடு மட்டும்தான் உங்களுதா?" என்றாள்.

அதைக்கூடப் போலீஸின் இசைவோடுதான் போட முடியும் என்றேன்.

"சரி, காபியக் குடிங்க. அதுக்காவது யாரையும் கேக்க வேண்டாம்."

அவளுடைய சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு, ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்தாள். காலையில் எங்கள் சொந்தக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் அலுவலகம் செல்வேன். அலுவலக வண்டியை வீட்டுக் காரியத்துக்கு எடுப்பதில்லை என்பது நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டிருந்த விதி. திரும்புகையில் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள்.

அங்கே பக்கத்துக் கட்டிலில் சிவாஜிநகரிலிருந்து வரும் பெண் ஒருவர் இருந்தார். மனைவியைவிடச் சில வயது இளையவர், கணவரை இழந்தவர். ஜவுளிக்கடைகளிலிருந்து புடவைகளை வாங்கிவந்து, ஃபால் வைத்துத் தைத்து, திருப்பிக் கொடுப்பது அவருடைய தொழில். ஊசியும் குழாயும் கையில் இருக்க, அசையாமல் படுத்திருக்க வேண்டிய அந்த நேரம் முழுவதும் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்று நர்ஸுகள் சொல்வார்கள். எந்தக் கடையில் எந்தப் புடவை வெளுக்கிறது, எந்த முதலாளி கூலியை இழுத்தடிக்கிறார், எந்த முதலாளியின் இரண்டாவது மருமகள் எப்படிப்பட்டவள் என்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. தான் கற்பித்த எந்தப் பாடத்தையும் அவள் இவ்வளவு ஆர்வத்தோடு என்னிடம் சொன்னதாக நினைவில்லை.

சிவாஜிநகருக்குப் போகும் பஸ், சாலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். நடுவில் மீடியன். மேலே ஸ்கைவாக் இருந்தது. அதன் படிகள் செங்குத்தானவை, லிஃப்ட்டின் கதவு பூட்டியே கிடந்தது. டயாலிசிஸ் முடித்து வருகிறவர்களுக்குக் காலில் தசை இழுக்கும், கண் இருட்டும். அவர்களால் படியேற முடியாது. மீடியன் கம்பியை யாரோ எப்போதோ பிடுங்கி எடுத்திருந்த இடைவெளி வழியாகக் கடப்பார்கள். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் சாலை வளைகிறது. வளைவிலிருந்து வரும் வண்டிக்குக் கடப்பவரும் தெரியாது. கடப்பவருக்கு வண்டியும் தெரியாது.

என் மனைவி தன் தோழியைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய், பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மீண்டும் இந்தப் பக்கம் வந்து, ஆட்டோ பிடிப்பாள். அவள் அந்தச் சாலையைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கடந்தாள்.

இதை அறிந்து ஒரு நாள் மதியம் அங்கே போய் நின்றேன். இருவரும் கேட்டைத் தாண்டி வெளியே வந்தார்கள். என்னை அவர்கள் பார்க்கவில்லை. மனைவி ஒரு கையால் தோழியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வண்டிகளுக்கு எதிரே உயர்த்தினாள். வகுப்பில் மாணவர்களை அமைதிப்படுத்துவதற்கு உயர்த்தும் அதே கை. ஒரு கார் நின்றது. அதன் மறைவிலிருந்து வந்த பைக் ஒன்று அவர்கள் முன்னால் வளைந்து சென்றது.

"யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று தோழி கத்தினார். "எங்க ரெண்டு பேர் ஒடம்புலயும் சேத்து ஒரு கிட்னி கூட இல்ல, எங்கள போய் இடிக்க வர்றியே!"

மனைவி சிரித்துக்கொண்டே அவரை இழுத்துச் சென்றாள். பஸ் வந்தது. திரும்பி வந்தபோதுதான் என்னைக் கண்டாள்.

"இன்ஸ்பெக்‌ஷனா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

காரில் ஏறினோம். மல்லேஸ்வரம் சர்க்கிளில் சிக்னலுக்கு நின்றபோது சொன்னாள்: "எனக்குன்னு இதுவரைக்கும் ஒரு ஸ்பீட் ஹம்ப்கூட உங்ககிட்ட கேட்டதில்ல. இப்பவும் எனக்காகக் கேக்கல. நான் இல்லாமப் போனா அவ எப்படி கிராஸ் பண்ணுவா? அத மட்டும் யோசிங்க."

யோசித்தேன். வளைவுக்கு அருகே வெறும் கோடு போட்டால், அது கடப்பவருக்குப் பொய்யான துணிவைத் தரும், வண்டியை நிறுத்தாது. சாலையையே நடைபாதையின் உயரத்துக்கு ஏற்றி, அதன் மேல் கோடு போட்டால்தான் வண்டிகளின் வேகம் குறையும். வரைபடம் தயாரித்தோம். டிராஃபிக் போலீஸ் மறுத்தது. ஆஸ்பத்திரிக்குள் வரும் ஆம்புலன்ஸ்கள் அந்த மேட்டில் குலுங்கும் என்றார்கள். அந்த மறுப்பு நியாயமானது. ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பை ஒட்டியதாக இடத்தை மாற்றினோம். கூட்டத்தில் வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். இசைவுக் கடிதம் பின்னால் வரும் என்றார்கள். அதை நம்பி உத்தரவிட்டேன்.

அன்றிலிருந்து டயாலிசிஸ் நாட்களில் மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்பாள்: "லெட்டர் வந்துதா?" வரவில்லை என்பேன். வேறு எதுவும் கேட்கமாட்டாள்.

அவள் இறந்த நாளில் நான் கூட்டம் ஒன்றில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் தோழி படுத்திருந்தார். அவருடைய இரத்தம் இயந்திரத்தின் வழியாக ஓடிக்கொண்டிருந்ததால் எழுந்துவர முடியவில்லை. என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய மரணத்துக்கும் அந்தச் சாலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைப் பலரிடம் சொல்ல வேண்டியிருந்தது, ஆகவே இங்கும் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து மகள் வந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உறவினர் வீட்டில் தங்கி, செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். ஞாயிறு பிற்பகல் எங்கள் தெருவுக்குள் கார் திரும்பியபோது, வழக்கமாக இல்லாத ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. புதுத் தாரின் வாசனை இன்னும் போகவில்லை. வெள்ளைப் பட்டைகள் கண்ணைக் கூசவைத்தன. இரு ஓரங்களிலும் ஒளிரும் குமிழ்கள் பதித்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து, இந்நகரத்தில் இவ்வளவு நேர்த்தியாகப் போடப்பட்ட கிராசிங் வேறு இல்லை. சரிவின் விகிதம், பட்டையின் அகலம், மழைநீர் வழிய விட்ட இடைவெளி, எல்லாம் நான் ஒப்புதல் அளித்த வரைபடத்தின்படியே இருந்தன. இடம் மட்டும் வேறு.

மகள் காரிலிருந்து இறங்கி அதைப் பார்த்தாள். "அம்மாவுக்காக உங்க ஆபீஸ்ல போட்டாங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். அவள் அதற்கு முன்பு அழுது நான் பார்க்கவில்லை. ஆமாம் என்றேன்.

துக்கம் கேட்க வந்த அண்டை வீட்டார் அனைவரும் அதன் மேல் நடந்துதான் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர், வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர், என் கையைப் பற்றிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், அடுத்த குறுக்குத் தெருவில் இரு சக்கர வண்டிகள் வேகமாக வருவதாகவும், அங்கேயும் இப்படி ஒன்று போட முடியுமா என்றும் கேட்டார்.

செயற்பொறியாளர் திங்களன்று வந்தார். கோலார்ப் பக்கத்துக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். பல ஆண்டுகளாக என்னோடு பணிபுரிந்தவர். நான் கேட்குமுன் அவரே தொடங்கினார்.

"போலீஸ் லெட்டர் வரல சார். மார்ச்சுக்குள்ள முடிக்கலேன்னா சேங்ஷனே போயிடும். இந்தச் சின்னத் தெருவுக்கு அவங்க லெட்டரே வேண்டாம், அதான்... மேடம் ஞாபகமா ஒண்ணாவது இருக்கட்டும்னு நம்ம ஆளுங்க எல்லாரும் கூட நின்னு போட்டாங்க சார். யாரும் டீக்குக்கூட நகரல."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நிதியாண்டு முடியுமுன் பணத்தை வேறு இடத்தில் செலவிட்டாவது பணியை முடித்துவிடுவது எங்கள் துறையின் நெடுநாள் வழக்கம். அதிகாரியின் துக்கத்தில் பங்கெடுக்க எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழியும், எதையாவது கட்டித் தருவதுதான். இரண்டும் சேர்ந்து என் வாசலில் வந்து நின்றன. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லவும் வரவில்லை. காபி தரச் சொன்னேன்.

மாத இறுதியில் கோப்பு வந்தது. அதில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. உத்தரவிட்ட இடத்தில் பணி நடக்கவில்லை என்று எழுதலாம். எழுதினால் விசாரணை நடக்கும், செயற்பொறியாளர் மாட்டுவார், விசாரணை முடியும் வரை, ஓர் இடத்துக்கு மட்டுமே அனுமதி பெற்ற அந்தச் சோதனையின்கீழ் ஆஸ்பத்திரிச் சாலையில் ஒரு கல்கூட வைக்க முடியாது. அல்லது, பணி நிறைவை ஏற்கலாம். ஏற்றால் அடுத்த நாளே, முதல் இடத்தின் அனுபவத்தை முன்வைத்து, இரண்டாவது இடமாக ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுமதி கேட்கலாம். ஆனால் ஓய்வுக்கு முந்தைய மாதத்தில் தன் வாசலுக்குத் தானே கிராசிங் போட்டுக்கொண்ட இயக்குநர் என்ற பெயர் எனக்கு நிலைக்கும். கோப்பைத் திறக்காமல் மேசையின் ஓரத்தில் வைத்திருந்தேன்.

அன்று மாலை தோழி எங்கள் வீட்டுக்கு வந்தார். டயாலிசிஸ் இல்லாத நாள். சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். வாசற்கதவைத் திறக்க நான் வந்தபோது, அவர் கிராசிங்கின் நடுவே நின்று காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அக்கா சொல்லிக்கிட்டே இருக்கும், ரோட்ட ஏத்திப் போட்டு வெள்ளப் பட்டி அடிப்பாங்கன்னு. இதானா அது?"

"ஆமாம்."

"இங்க வந்துடுச்சா."

அந்தச் சொற்களில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெருவின் இரு முனைகளையும் பார்த்தார். "இங்க பூனைகூட நிம்மதியா குறுக்க போவுமே சார்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

உள்ளே வந்து என் மனைவியின் படத்தின் முன் நின்றார். கொண்டுவந்த மல்லிகையைத் தானே சார்த்தினார். மகள் கொடுத்த காபியில் பாதியை அளந்து குடித்தார். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் குடிக்கும் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. இப்போது எப்படிச் சாலையைக் கடக்கிறார் என்று கேட்டேன்.

"யாராச்சும் கிராஸ் பண்ண வந்தா அவங்க பின்னாலயே ஒட்டிக்குவேன். யாரும் வரலேன்னா நிப்பேன். பஸ் போவும். அடுத்தது வரும்." பிறகு, ஆறுதல் சொல்வதுபோல, "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல சார். தைக்கற வேலதான், எப்ப உக்காந்தாலும் தைக்கலாம்" என்றார்.

ஏப்ரல் முடிவதற்குள் செய்துவிடுவேன் என்றேன். என் பணிக்காலத்தில் எவருக்கும் நான் நாள் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"செய்ங்க சார். அக்கா இருந்திருந்தா இந்நேரம் உங்கள உக்கார விட்டிருக்காது."

மறுநாள் காலை, கடைசி வேலைநாளன்று, கோப்பைத் திறந்தேன். 'இப்பணி என் இல்லத்தின் எதிரே அமைந்துள்ளது என்பதை அறிந்தே ஏற்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டாவது இடத்துக்கான குறிப்பை அனுப்பினேன். அதே வாரம் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் எங்கள் வாசலின் படம் வந்தது. நகரமெங்கும் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க, இயக்குநரின் வாசல் மட்டும் பாதுகாப்பாக இருப்பதாக அதன் கீழே எழுதியிருந்தது. எழுதியதில் பிழை எதுவும் இல்லை. மறுப்பு அனுப்பலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

இரண்டாவது இடத்துக்கு அனுமதி கிடைத்தது. போலீஸுடன் கூட்டு ஆய்வு மட்டும் மீதமிருந்தது. முதலில் குறித்த நாளுக்குச் சற்று முன்பு, எங்களோடு பேசி ஒப்புக்கொண்டிருந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதியவர் வளைவு, ஆம்புலன்ஸ் என்ற பழைய கேள்விகளை முதலிலிருந்து தொடங்கினார். மீண்டும் நாள் குறித்தோம். அன்று யாரோ பெரியவருடைய வருகைக்குப் பந்தோபஸ்து. மூன்றாவதாக அவர்கள் தந்த நாள் மே மாதத்தில் இருந்தது. அதற்கு முன்பு வேண்டும் என்று நானே போய்க் கேட்டேன். புதிய அதிகாரி எழுந்து நின்று மரியாதையாகப் பேசினார். என் இழப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். தேதி மாறவில்லை.

ஓய்வு பெற்ற அன்று எனக்கு மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகை அணிவித்து, சால்வை போர்த்தி, பழக்கூடை கொடுத்தார்கள். பேசியவர்களெல்லாம் நான் கட்டிய பாலங்களையும் அகலப்படுத்திய சாலைகளையும் சொன்னார்கள். செயற்பொறியாளர் பேசவில்லை, கடைசி வரிசையில் நின்றிருந்தார். பேட்டாவைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தோழி பேசினார்.

தன் மகளோடு, ஊரின் மறுகோடியிலுள்ள சந்தாபுராவுக்குக் குடிபோய்விட்டதாகச் சொன்னார். போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் கடக்கும்போது தலைசுற்றி மீடியனில் உட்கார்ந்துவிட்டாராம். அடி எதுவும் படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மகள் அவரைத் தனியாக விடவில்லை.

"இங்க ஒரு சென்டர் இருக்கு சார். வீடும் சென்டரும் ஒரே பக்கம். ரோடே கடக்க வேணாம்."

நல்லது என்றேன். தைக்கும் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது சிவாஜிநகர்லயே நின்னு போச்சு. அவ்ளோ தூரம் பொடவைய யாரு கொண்டாந்து குடுப்பாங்க? கடைக்காரங்க வேற ஆள் பாத்துக்கிட்டாங்க." பிறகு, "நீங்க மனசுல வச்சுக்காதீங்க சார். நீங்க கேட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று அவர் இம்முறை சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி நான் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். அறைக்கு வெளியே, பழக்கூடையைக் காரில் வைப்பதற்காக ஒருவர் காத்திருந்தார். அது அலுவலகக் கார். ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

செய்யாமல் விட்டவை:

ஆஸ்பத்திரிச் சாலைக்குப் போலீஸின் இசைவுக் கடிதம். இனி அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. எனக்குப் பின் வந்தவருக்கு ஒருமுறை நினைவூட்டினேன். மீண்டும் நினைவூட்ட வேண்டும்.

ஸ்கைவாக் லிஃப்ட்டின் பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்பது இன்னும் தெரியவில்லை.

எங்கள் வாசலில் உள்ளது எப்படி வந்தது என்பதை மகளிடம் சொல்வது.

ஆஸ்பத்திரியில் தங்கிவிட்ட மனைவியின் போர்வையை வாங்கி வருவது. அங்கே குளிரும் என்று ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்வாள்.

ஃபால் வைக்காத அவளுடைய புடவைகள் சில பீரோவில் இருக்கின்றன. அவற்றைச் சந்தாபுராவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது.